சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தைக்கு நெஞ்சுச் சளியை வெளியேற்றுவது எப்படி? படிப்படியான வழிகாட்டி

நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதியானதும் பெற்றோர் கைக்கு, மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் ஒரு நெபுலைசரும், நாலைந்து மருந்துப் பெயர்கள் எழுதிய தாளும் வந்து சேரும். எதை முதலில் கொடுப்பது, எதற்கு அப்புறம் முதுகில் தட்டுவது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று அந்தத் தாள் பல நேரம் சொல்லாது. மருந்தைப் பற்றி விசாரிக்கிற அளவுக்கு யாரும் வரிசையைப் பற்றி விசாரிப்பதில்லை. இந்த நோயிலோ பாதி வேலை வரிசையில்தான் இருக்கிறது. மருந்து சளியை இளக்கத்தான் செய்யும். அதைக் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டு வருவது குழந்தை விடும் மூச்சுக்காற்று. இளக்கிவிட்டு அப்படியே விட்டால் சளி இருந்த இடத்திலேயே மறுபடி இறுகிவிடும்.

இங்கே வரும் அளவுகள் வழக்கமாகக் கொடுக்கப்படுபவை. உங்கள் குழந்தையின் மருந்துச் சீட்டில் வேறு அளவு இருந்தால் சீட்டில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

இந்தச் சளி ஏன் இவ்வளவு கெட்டி?

மூச்சுக்குழாயின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. அதற்குள் நிற்கும் நுண்மயிர்கள் துடுப்புப் போடுவதுபோல் அசைந்து அசைந்து, மேலே மிதக்கும் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். நாமும் தெரியாமலே விழுங்கிவிடுவோம். இந்த நீர்ப்படலம் வற்றாமல் பார்த்துக்கொள்வதில் சிஎஃப்டிஆர் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. குளோரைடையும் பைகார்பனேட்டையும் செல்லிலிருந்து வெளியே விடும் வாசல் அது. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். அந்தப் புரதத்துக்கான மரபணு 7-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1989-இல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்த குழந்தைக்கு இந்த வாசல் வேலை செய்யாது. நீர்ப்படலம் வற்றும், நுண்மயிர்கள் சளிக்குள் சிக்கிப் படுத்துவிடும்.

கெட்டியாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகராத சளியில் கிருமி குடியேறும். அதை எதிர்க்க நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து, அங்கேயே செத்துச் சிதறும். அவற்றுக்குள் இருந்த டிஎன்ஏ வெளியே கொட்டும். டிஎன்ஏ என்பது மிக நீளமான நூல். அந்த நூல்கள் சளிக்குள் பின்னிக்கொண்டால் சளி பசையாகிவிடும். வறட்சிக்கு ஒரு மருந்து, இந்த நூல்களை வெட்ட வேறொரு மருந்து என்று இரண்டு எழுதித் தருவது இதனால்தான். ஒன்று இருக்கிறதே, மற்றது எதற்கு என்று நிறுத்திவிட வேண்டாம்.

நிறையத் தண்ணீர் குடிக்கவைத்தால் சளி இளகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். இந்தக் குழந்தைகளுக்கு வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறுவதால் தண்ணீரும் உப்பும் கூடுதலாகத் தேவைதான். ஆனால் உடம்பில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், வாசல் மூடிக் கிடக்கும்போது அது மூச்சுக்குழாயின் உட்பரப்புக்கு வந்து சேராது. அங்கே தண்ணீரை வரவழைக்க வேறு வழி வேண்டும்.

தொடங்கும் முன்

நேரம் முக்கியம். பால் குடித்த உடனேயோ சாப்பிட்ட உடனேயோ தொடங்கினால் இருமலோடு வாந்தியும் வரும். சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் காலையும் மாலையும் இரண்டு முறை. சளி பிடித்திருக்கும் நாட்களில் மூன்று, நான்கு முறை. கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் மருந்துக் கிண்ணத்தைத் தொட வேண்டும்.

வரிசை இதுதான்: மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, உப்புநீர், சளியை வெளியேற்றும் பயிற்சி, கடைசியாக ஆன்டிபயாட்டிக். சளியில் இருக்கும் டிஎன்ஏ நூல்களை வெட்டும் டோர்னேஸ் ஆல்ஃபா மட்டும் இடம் மாறக்கூடியது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

படி 1: மூச்சுக்குழாயை விரிப்பது

சால்ப்யூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்துக் கொடுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அடுத்து வரும் உப்புநீர் சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயை இறுக்கும். அதைத் தடுக்கத்தான் இது.

படி 2: உப்புநீர்

பெயர் ஹைப்பர்டானிக் சலைன். வழக்கமாக 7 சதவீத உப்புநீர், ஒரு வேளைக்கு 4 மில்லி, நாளுக்கு இரண்டு வேளை. ஊசியில் ஏற்றும் சாதாரண சலைன் 0.9 சதவீதம், இது அதைவிட ஏழெட்டு மடங்கு உப்பு. சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்ததுதான் இங்கே நடக்கிறது. மூச்சுக்குழாய்ப் பரப்பில் உப்பு படிந்ததும் சுற்றியுள்ள செல்களிலிருந்து தண்ணீர் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. வாசல் மூடியிருந்தால் என்ன, வெளியிலிருந்து உப்பைக் கொண்டுபோய் வைத்தும் தண்ணீரை வரவழைக்கலாம் அல்லவா?

இந்த யோசனைக்குப் பின்னால் சுவையான கதை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இந்த நோய் உள்ளவர்களில் கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு மட்டும் நுரையீரல் நன்றாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். உப்புக்காற்றையும் உப்புநீர்த் துளிகளையும் சுவாசித்ததுதான் காரணமாக இருக்குமோ என்ற கேள்வியில் தொடங்கி, 6 வயதுக்கு மேற்பட்ட 164 பேரிடம் 48 வாரம் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரல் அளவீட்டில் ஏற்றம் சிறியதுதான். ஆனால் நோய் திடீரென்று முற்றும் நிலை பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அப்புறம் சின்னக் குழந்தைகளிடமும் சோதித்தார்கள். மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு நுரையீரலின் காற்றோட்டம் மேம்பட்டது தெரிந்தது. கைக்குழந்தைகள் விஷயத்தில் சோதனைகள் ஒரே மாதிரி பேசவில்லை. அதனால் அந்த வயதில் ஒவ்வொரு சிகிச்சை மையமும் குழந்தையைப் பார்த்து முடிவெடுக்கும்.

முதல் வேளையை வீட்டில் கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில், கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நெஞ்சைப் பரிசோதித்து, ஊத முடிகிற வயதென்றால் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனையும் எடுத்து, இறுக்கம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு. இருமல் வரும். பயப்பட வேண்டாம், வரத்தான் வேண்டும். வாய் உப்புக் கரிக்கும், தொண்டை அரிக்கும். 7 சதவீதம் தாங்கவில்லை என்றால் 3 சதவீதத்துக்கு இறக்கிப் பார்ப்பதுண்டு. வீசிங் சத்தமோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

மாஸ்க் விஷயத்தில்தான் அதிகமான மருந்து வீணாகிறது. குழந்தை அடம்பிடிக்கிறது என்று மாஸ்க்கை முகத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடிப்பார்கள். புகை முகத்தில் படுவதைப் பார்த்தால் மருந்து உள்ளே போவதுபோல்தான் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி கன்னத்துக்கும் காற்றுக்கும் போய்விடும். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல் பதிய வேண்டும். அழும் குழந்தைக்குக் கொடுத்தாலும் பயன் குறைவு. அழுகை என்பது நீளமாக வெளியே விடும் மூச்சும், வெடுக்கென்று உள்ளே இழுக்கும் சின்ன மூச்சும்தான். அந்த வெடுக்கில் மருந்துத் துளிகள் தொண்டையிலேயே மோதி நின்றுவிடும். மடியில் வைத்து, கதை சொல்லி, மெஷினை ஓடவிடாமல் மாஸ்க்கை மட்டும் கொடுத்து இரண்டு நாள் விளையாடவிட்டுப் பழக்கினால் பலன் உண்டு. மூன்று, நான்கு வயதில் வாயால் மட்டும் மூச்சு விடப் பழகியதும் மாஸ்க்கை விட்டு மவுத்பீஸுக்கு மாறிவிடலாம். மூக்கு வடிகட்டிக்கொள்ளும் மருந்து மிச்சமாகும்.

படி 3: சளியை வெளியேற்றுவது

இதுதான் மையம். மருந்து எல்லாம் இதற்கான முன்னேற்பாடு. தத்துவம் எளிது: அடைத்திருக்கும் சளிக்குப் பின்னால் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அந்தக் காற்றை வெளியே விடும்போது சளியையும் சேர்த்துத் தள்ளுவது. முறை எதுவானாலும் செய்வது இதைத்தான்.

கைக்குழந்தைக்கு: கையைக் கிண்ணம்போல் குவித்து, விலா எலும்பு இருக்கும் இடங்களில் மட்டும், ஒரு துணிக்கு மேலே தாளமாகத் தட்டுங்கள். சரியாகக் குவித்திருந்தால் பொத்துப்பொத்தென்று காற்று அடைபட்ட சத்தம் கேட்கும். பளார் என்று கேட்டால் கை தட்டையாகிவிட்டது என்று அர்த்தம். ஓர் இடத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு குழந்தையைத் திருப்பி அடுத்த இடம். முதுகெலும்பு, நடு மார்பெலும்பு, வயிறு, விலாவுக்குக் கீழே சிறுநீரகம் இருக்கும் இடம் ஆகியவற்றில் தட்டக் கூடாது. முன்பெல்லாம் தலையைக் கீழே சாய்த்து வைத்துத் தட்டச் சொல்வார்கள். வயிற்றில் இருப்பது உணவுக்குழாயில் ஏறி வருவது அதனால் அதிகமாகிறது என்று தெரிந்ததால், இப்போது கைக்குழந்தைக்குத் தலைகீழ்ச் சாய்வு வேண்டாம் என்பதே பெரும்பாலான மையங்களின் முடிவு. படுக்கவைத்தோ மடியில் சாய்த்தோ செய்தால் போதும். பெரிய பந்தின் மேல் உட்காரவைத்து மெதுவாகக் குதிக்கவிடுவதும் நல்ல முறை.

இந்த வயதில் சளி வெளியே வந்து பார்க்கக் கிடைக்காது, குழந்தை விழுங்கிவிடும். விழுங்கினால் ஒன்றும் ஆகாது. எதுவும் வெளியே வரவில்லையே, செய்ததெல்லாம் வீணா என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு வயதுக்கு மேல் ஊதும் விளையாட்டுகள். சோப்புக்குமிழி, மேசைமேல் பஞ்சு உருண்டையை ஊதித் தள்ளுவது, தண்ணீரில் குழாய் வைத்துக் குமிழிவிடுவது. இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. பின்னால் கற்க வேண்டிய ஹஃப் என்ற மூச்சுக்கு ஒத்திகை.

ஹஃப் என்றால் என்ன? இருமும்போது குரல்வளை ஒரு கணம் மூடி, அழுத்தம் சேர்ந்து, வெடிப்பதுபோல் திறக்கும். அந்த அழுத்தத்தில் மெல்லிய மூச்சுக்குழாய்கள் நசுங்கி, சளி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஹஃபில் குரல்வளை திறந்தே இருக்கும். குழந்தையின் வாய்க்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்து, "இதை ஆவியால மங்கலாக்கு பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அப்போது வாய் தானாக வட்டமாகும், ஹா என்று சூடான காற்று வரும். அதையே கொஞ்சம் வேகமாக, வயிற்றை உள்ளிழுத்துச் செய்தால் ஹஃப். குரல்வளையை மூடிக்கொள்கிற குழந்தைக்கு ஸ்பைரோமெட்ரியில் ஊதும் அட்டைக் குழலைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொடுத்தால் சரியாகிவிடும்.

நடுத்தர அளவில் மூச்சை இழுத்து நீளமாக ஹஃப் விட்டால் ஆழத்தில் இருக்கும் சளி நகரும். முழுமூச்சு இழுத்துக் குட்டையாக, வேகமாக விட்டால் மேலே வந்து நிற்பது வெளியேறும். எது எப்போது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் காதைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள், உள்ளங்கையை அதன் முதுகில் வையுங்கள். வெளியே விடும் மூச்சின் தொடக்கத்திலேயே கரகரப்புக் கேட்டால் சளி பெரிய குழாய்களுக்கு வந்துவிட்டது. மூச்சு முடியப்போகும் நேரத்தில் கேட்டால் இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. விசில் மாதிரி இழுத்தால் குழந்தை அளவுக்கு மீறி முக்குகிறது, வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கவனித்துக் கேட்டால் பிடிபட்டுவிடும். எந்தக் கருவியும் இந்தக் காதுக்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம்.

பள்ளி வயதில் இதையே ஒரு சுற்றாக அமைத்துக்கொள்ளலாம். முதலில் தோளைத் தளர்த்தி இயல்பான மூச்சு. பிறகு மூன்று நான்கு ஆழ்ந்த மூச்சு, ஒவ்வொன்றையும் மூன்று விநாடி அடக்கி வைத்து. அடக்கும் அந்த நேரத்தில்தான் அடைப்பைச் சுற்றி வேறு வழியாகக் காற்று பின்பக்கம் போய்ச் சேர்கிறது. மறுபடி இயல்பான மூச்சு. அப்புறம் இரண்டு ஹஃப், தேவைப்பட்டால் ஓர் இருமல். நெஞ்சில் கரகரப்பு அடங்கும்வரை இருபது நிமிடம்போல் இந்தச் சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கருவிகளில், பெப் என்று சொல்லும் மாஸ்க் அல்லது மவுத்பீஸ் வெளிமூச்சுக்குச் சின்னத் தடை வைத்து, 10 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் மூச்சுக்குழாய்களைத் திறந்து பிடிக்கும். ஃப்ளட்டர், அகாபெல்லா போன்றவை அந்தத் தடையோடு அதிர்வையும் சேர்க்கும். பத்துப் பதினைந்து மூச்சு, பிறகு ஹஃப், மறுபடி முதலிலிருந்து. காற்று நிரப்பி அதிரவைக்கும் வெஸ்ட் விலை அதிகமான சாதனம். அதை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வெஸ்ட் அதிரும்போதும் சில நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஹஃப் விடாவிட்டால் சளி மேலே வந்து அங்கேயே நிற்கும். எல்லாவற்றையும்விட எது சிறந்தது என்று கேட்டால், எந்த முறையைக் குழந்தை தினமும் செய்யச் சம்மதிக்கிறதோ அதுதான். ஓட்டம், நீச்சல், கயிறு தாண்டுவது எல்லாம் சளியை நகர்த்தும். ஆனால் மூச்சுப் பயிற்சிக்குப் பதில் அல்ல, அதோடு சேர்த்து.

டோர்னேஸ் ஆல்ஃபா எப்போது?

டிஎன்ஏ நூலை வெட்டும் நொதி இது. 1993 இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஓர் ஆம்பூலில் 2.5 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்போ, பயிற்சி முடிந்த பிறகோ கொடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பயிற்சிக்குப் பிறகு கொடுத்தால் திறந்திருக்கும் குழாய்களில் ஆழமாகப் போகும் என்பது ஒரு கட்சி, முன்னால் கொடுத்தால் வெட்டிய சளியைப் பயிற்சியில் எடுத்துவிடலாம் என்பது இன்னொரு கட்சி. உங்கள் வீட்டில் எந்த நேரம் தவறாமல் நடக்குமோ அதை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

இதில் தவறக் கூடாதவை: ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். கலங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டும். உப்புநீரோடோ வேறு மருந்தோடோ ஒரே கிண்ணத்தில் கலக்கவே கூடாது, நொதி கெட்டுவிடும். குரல் கரகரப்பாவது இதன் வழக்கமான பக்கவிளைவு. பெரும்பாலும் தானே சரியாகும்.

படி 4: ஆன்டிபயாட்டிக் கடைசியில்

சூடோமோனாஸ் போன்ற கிருமி இருந்தால் நெபுலைசரில் டோப்ராமைசின் தருவார்கள். வழக்கமாக 300 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு முறை, 28 நாள். கிருமி நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கு 28 நாள் மருந்து, 28 நாள் இடைவெளி என்று தொடரும். இதைச் சளி எடுத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். முன்னால் கொடுத்தால் மருந்து சளியின் மேல் படிந்து, அடுத்த இருமலில் வெளியே வந்துவிடும்.

கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள்

ஈரமான நெபுலைசர் கிண்ணம் கிருமிக்கு நல்ல வீடு. ஒவ்வொரு முறையும் கிண்ணம், மாஸ்க், மவுத்பீஸ் எல்லாவற்றையும் பிரித்து சோப்புத் தண்ணீரில் கழுவி அலசுங்கள். பிறகு தினமும் கிருமிநீக்கம். கருவியின் கையேடு அனுமதித்தால் கொதிக்கும் தண்ணீரில் 5 நிமிடம் போடுவது எளிது. மின்சார ஸ்டீம் ஸ்டெரிலைசரும் சரி. கொதிநீர் தாங்காத பாகங்களை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் ஊறவைத்து, ஸ்டெரைல் தண்ணீரில் அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் நீக்கிய கிருமி திரும்ப வந்துவிடும். வினிகர் போதாது. கடைசியில் சுத்தமான துணிமேல் பரப்பி முழுவதும் உலரவிடுங்கள். பலர் ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடிவிடுகிறார்கள். கழுவிய பலன் அதோடு போயிற்று. கம்ப்ரசரிலிருந்து வரும் டியூபை மட்டும் கழுவக் கூடாது. உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் மெஷினை ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

செய்யக் கூடாதவை

இருமலை அடக்கும் சிரப் வேண்டாம். இந்தக் குழந்தைக்கு இருமல் எதிரி இல்லை, சளியை வெளியேற்றும் ஆள். ஆவி பிடிப்பதால் மூக்கு திறக்கும், ஆழத்தில் இருக்கும் இந்தச் சளி இளகாது. கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம். அசிட்டைல்சிஸ்டீன் சளியைக் கரைக்கும் மருந்து என்று பெயர் வாங்கியிருந்தாலும் இந்த நோயில் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது, பால்கனியில்கூட. இதே நோயுள்ள இன்னொரு குழந்தையோடு உட்கார்ந்து விளையாடவிடவும் கூடாது. இருவருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி வேண்டும், ஏனென்றால் ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றும்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

வழக்கத்தைவிட இருமல் கூடினால், இரவில் எழுப்பினால், சளியின் நிறமோ அளவோ மாறினால், பசி குறைந்து எடை இறங்கினால், விளையாட்டில் சீக்கிரம் களைத்தால், அல்லது எஃப்இவி1 என்ற ஊதும் அளவு விழுந்தால் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல் வந்தால்தான் நோய் முற்றுகிறது என்று நினைப்பது தவறு. இந்த நோயில் பெரும்பாலும் காய்ச்சலே இருக்காது. இருமலில் ரத்தம் வந்தாலோ, மூச்சுத்திணறி விலா இடுக்கு உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. ரத்தம் கண்டால் தட்டுவதையும் உப்புநீரையும் டோர்னேஸையும் மருத்துவர் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள்.

வாசலையே சரிசெய்யும் மாத்திரைகள்

மேலே சொன்னதெல்லாம் விளைவைச் சமாளிப்பது. காரணத்தையே தொடும் மருந்துகளும் வந்துவிட்டன. 2012-இல் ஐவாகாஃப்டர், 2019-இல் எலெக்ஸாகாஃப்டர், டெஸாகாஃப்டர், ஐவாகாஃப்டர் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்து. அந்தக் கூட்டு மருந்து அமெரிக்காவில் 2021-இல் 6 வயதுக்கும், 2023-இல் 2 வயதுக்கும் இறங்கியது. தவறாக மடிந்த புரதத்தைச் சரியாக மடித்து, வாசலைத் திறந்து வைப்பது இவற்றின் வேலை. எல்லா மரபணு மாற்றத்துக்கும் பொருந்தாது. மிகப் பரவலான எஃப்508டெல் என்ற மரபணு மாற்றம் இருந்தால் வாய்ப்பு அதிகம். கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும், கல்லீரல் பரிசோதனையும் அவ்வப்போது தேவை.

தொடங்கிய சில நாட்களிலேயே பல குழந்தைகளுக்குச் சளி கொட்டும், அப்புறம் இருமலே நின்றுவிடும். அப்போது நெபுலைசரை மூட்டை கட்டலாமா என்ற கேள்வி வரும். கூட்டு மருந்து எடுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட, நுரையீரல் நன்றாக உள்ளவர்கள் உப்புநீரையோ டோர்னேஸையோ 6 வாரம் நிறுத்திப் பார்த்ததில் கவலைப்படும் வித்தியாசம் இல்லை. அது 6 வாரக் கணக்கு, அதைவிடச் சின்னக் குழந்தைகள் அதில் இல்லை. அதனால் மருத்துவக் குழுவோடு பேசி, ஒவ்வொன்றாக, ஸ்பைரோமெட்ரி பார்த்துக்கொண்டு குறைப்பதே முறை. நீங்களாக ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். இன்னொன்று: சளியே வராத குழந்தைக்குக் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுக்க எதுவும் இருக்காது. அதற்காகப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. குழந்தையை இருமச் சொல்லித் தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து மாதிரி எடுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு வாங்குங்கள்.